சேவைத் தேவை கருதி

இலங்கைப் பொலிஸில் ஒருவரை இடமாற்றும் உத்தரவு பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. பெயர், பதவி, இப்போதிருக்கும் இடம், போகவேண்டிய இடம், உடனடியாக அமுலுக்கு வருகிறது என்றொரு வரி, காரணம் என்ற இடத்தில் ‘சேவைத் தேவை கருதி’ என்ற மூன்று சொற்கள். அந்த மூன்று சொற்களுக்குள் எதையும் அடக்கிவிடலாம். ஆளணி போதாத நிலையத்துக்கு ஆள் அனுப்புவதும் சேவைத் தேவைதான். செல்வாக்குள்ள ஒருவரின் மணல் லொறியை மறித்த பொறுப்பதிகாரியை அந்தப் பக்கமே வராமல் செய்வதும் அதே பெயரில்தான் நடக்கும். 2018 நவம்பரில், நாட்டில் இரண்டு பிரதமர்கள் உரிமை கோரிக்கொண்டிருந்த குழப்பத்தின் நடுவில், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பரிசோதகர் ஒருவர் திடீரென நீர்கொழும்புக்கு மாற்றப்பட்டார். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்டுக் காணாமற்போன 11 பேரின் வழக்கில் கடற்படையினரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த விசாரணையின் முன்னணியில் நின்றவர் அவர். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே உத்தரவு ரத்தாயிற்று. ஓராண்டு கழித்து, 2019 நவம்பர் 16 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்து ஐந்தே நாட்களில், அந்தத் திணைக்களத்தின் பணிப்பாளர் ஷானி அபேசேகரவே காலிக்கு மாற்றப்பட்டார். ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபரின் தனிப்பட்ட உதவியாளராக. இம்முறை உத்தரவு ரத்தாகவில்லை.

பொலிஸ் சேவையில் பதவி உயர்வும் இடமாற்றமும் நியாயமாக நடக்கவேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த நியாயம் யாருக்குச் சேரவேண்டியது என்ற கேள்வியில்தான் நம் பொதுப் பேச்சு குறுகிப்போகிறது. அதிகாரிக்குச் சேரவேண்டியது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். அவருடைய சேவை மூப்பு, அவருடைய உரிமை, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அது பிழையில்லை. ஒரு கான்ஸ்டபிளைப் பதவி நீக்குவதானால் குற்றப்பத்திரம் கொடுக்கவேண்டும், விசாரணை வைக்கவேண்டும், அவர் பதில் சொல்ல இடமளிக்கவேண்டும், மேன்முறையீட்டுக்கும் வழி இருக்கவேண்டும். அதே மனிதரை இருநூறு மைல் தூரத்துக்குத் தூக்கிப் போடுவதற்கு இவை எதுவும் வேண்டியதில்லை. சம்பளம் குறையவில்லை, பதவி குறையவில்லை, ஆகவே இது தண்டனை இல்லை என்கிறது சட்டத்தின் கணக்கு. பிள்ளைக்குப் பாடசாலை தேடுவதும், விடுதி கிடைக்கும்வரை பாசறையில் பெட்டியோடு கிடப்பதும், மனைவியின் வேலை ஓர் ஊரிலும் தன் வேலை இன்னோர் ஊரிலுமாகக் குடும்பம் இரண்டாவதும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் கொடுக்கக்கூடிய ஒரே தண்டனை இடமாற்றம்தான் என்பதால்தான் அது அத்தனை பேருக்கும் வசதியாக இருக்கிறது. இருந்தும், அதிகாரியின் துன்பம் இந்தக் கதையின் பாதிதான். மறுபாதி பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டு மேசைக்கு முன்னால், வாங்கில் உட்கார்ந்திருக்கிறது.

மகன் காணாமற்போன தாய் ஒருத்தி மாதத்துக்கொரு தடவை அந்த வாங்குக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையில் பொலித்தீன் பை. அதற்குள் முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு, அடையாள அட்டைப் பிரதி, ஒரு படம். ஒருநாள் அவளுக்குக் கிடைக்கும் பதில், “விசாரிச்ச சேர் மாறிப் போயிட்டார்” என்பது. எங்கே போனார், கோப்பு யாரிடம் இருக்கிறது, புதியவர் அதைத் திறந்து பார்த்தாரா என்று கேட்க அவளுக்கு வழியில்லை. கோப்பு நிலையத்திலேயே இருக்கும். தகவல் புத்தகத்தில் பதிவுகள் இருக்கும். நீதவானுக்குச் சமர்ப்பித்த பீ அறிக்கைகளும் இருக்கும். ஆனால் எந்தச் சாட்சி பயந்து பேச மறுத்தார், எவரிடம் தனியே போய்ப் பேசினால் உண்மை வரும், எந்தத் தொலைபேசி இலக்கம் இரண்டாம் முறை வேறொருவர் கையில் தென்பட்டது என்பதெல்லாம் விசாரித்தவரின் தலைக்குள் இருப்பவை. அவர் பெட்டியைக் கட்டும்போது அவையும் கூடவே போய்விடும். 2019 இல் காலிக்குப் போன பணிப்பாளரின் பொறுப்பில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் கொலை, ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொடவின் காணாமற்போதல், 11 பேரின் கடத்தல் ஆகிய விசாரணைகள் இருந்தன. அந்த ஒரு கடிதத்தால் ஒரு மனிதர் இடம் மாறினார். எத்தனையோ குடும்பங்களின் வழக்கு தள்ளாடியது. அந்தக் குடும்பங்கள் எதற்கும் ‘இப்படியொரு மாற்றம் வருகிறது, இன்ன காரணம்’ என்று எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. கடிதத்தில் பெயர் இல்லாதவர்களே அதனால் அதிகம் இழக்கிறார்கள். இடமாற்றத்தின் நியாயத்தை எடைபோடும்போது அவர்களைத் தட்டில் வைக்காத எந்தத் தராசும் கோணல்தான்.

புறப்படும் இடத்தில் இப்படியென்றால், போய்ச்சேரும் இடத்தைப் பற்றி அதைவிடவும் குறைவாகவே பேசப்படுகிறது. பொலிஸாருடைய சொந்தப் பேச்சிலேயே சில ஊர்கள் தண்டனையின் பெயர்களாகிவிட்டன. முல்லைத்தீவு, மன்னார், மொனராகலை என்று ஓர் உத்தரவு வந்தால், ‘என்ன பிழை செய்தாய்?’ என்பதுதான் சக ஊழியரின் முதற் கேள்வி. ஓர் ஊருக்கு அனுப்புவதே தண்டனை என்றால், அந்த ஊரில் பிறந்து வாழ்கிறவர்கள் யார்? அவர்களுக்கு அரசு அனுப்பிவைப்பது வேறு இடத்தில் வேண்டாமென்று கழித்தவரை, அல்லது மேலிடத்தின் கோபத்துக்கு ஆளாகி, எப்போது திரும்பலாம் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவரை. முதலாமவர் இலஞ்சம் வாங்கியவராக இருந்தால், கொழும்பில் வாங்கியதை இங்கேயும் வாங்குவார். இரண்டாமவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அவருடைய மனம் இந்த மண்ணில் ஊன்றப் போவதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் இதற்குமேல் இன்னொரு பாரமும் ஏறுகிறது. போர்க்காலத்தில் தமிழர் பொலிஸில் சேர்வது அரிதாகிப் போனதால், தமிழ் பேசுகிற மக்களின் முறைப்பாட்டைத் தமிழ் தெரியாத ஒருவர் சிங்களத்தில் எழுதி, வாசித்தும் காட்டாமல் ஒப்பம் கேட்கிற நிலை நெடுங்காலம் நிலவியது. இன்னும் முற்றாக ஒழியவில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் கொடுத்த அறிக்கையிலேயே, பொலிஸ் நிலையங்களில் 24 மணிநேரமும் இருமொழி அதிகாரிகள் இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அமைத்த ஆணைக்குழு அது; அதன் ஏனைய முடிவுகளோடு முரண்படுகிறவர்கள்கூட இந்தப் பரிந்துரையை மறுக்கவில்லை. ஆனால் இடமாற்றப் பட்டியலைத் தயாரிக்கிறவர் ‘இவர் போகும் நிலையத்தில் மக்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள்?’ என்ற கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவராக ஆக்கப்படாதவரை, அந்தப் பரிந்துரை ஏட்டுச் சுரைக்காய்தான். 1987 இன் 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்கெனப் பொலிஸ் ஆணைக்குழுக்களை எழுதிவைத்தது. உள்ளூரை அறிந்தவர் உள்ளூரில் பணியாற்றும் ஏற்பாட்டுக்கு அது ஒரு வழியாக இருந்திருக்கும். அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை இயங்கவில்லை.

பதவி உயர்வும் இதே கோலின் மறுநுனி. அதை எவருக்குக் கொடுப்பது என்பதை உயர்வு பெறுகிறவரின் தகுதியோடு மட்டும் பேசி முடித்துவிட முடியாது. கீழே நிற்கும் பல்லாயிரம் பேருக்கு அது ஒரு பாடம். 1982 டிசம்பரில், பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி நீட்டுவதற்கான சர்வசன வாக்கெடுப்புக்கு முன், பாவிதி ஹண்ட என்ற மதகுருமார் அமைப்பின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் கைப்பற்றினார். அது கருத்துச் சுதந்திர மீறல் என்று உயர் நீதிமன்றம் 1983 இன் தொடக்கத்தில் தீர்த்து, பத்தாயிரம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அரசாங்கம் அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. நட்டஈட்டையும் அரச பணத்திலிருந்தே செலுத்தியது. அதே ஆண்டு ஜூனில் இடதுசாரித் தலைவர் விவியன் குணவர்தனவின் கைது சட்டவிரோதமானதென்று நீதிமன்றம் தீர்த்தபோதும் சம்பந்தப்பட்ட பொலிஸ் அதிகாரிக்கு உயர்வுதான் கிடைத்தது. தீர்ப்பு வந்த சில நாட்களில் நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் கும்பல் கூடிக் கூச்சலிட்டது. அந்த ஆண்டில் பொலிஸ் சேவையில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞன் எதைக் கற்றிருப்பான்? அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பயிற்சிக் கல்லூரியில் கேட்ட விரிவுரையையா, அந்த இரண்டு உத்தரவுகளையா? அடுத்த மாதமே, கறுப்பு ஜூலையில் நாடு எரிந்தபோது எத்தனையோ இடங்களில் பொலிஸார் கைகட்டி நின்றதற்கு இந்த உயர்வுகள்தான் காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் யாருடைய முகம் பார்த்து வேலை செய்யவேண்டும் என்ற பாடம் அதற்குள் கற்பிக்கப்பட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாடம் மறக்கப்படவில்லை. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஒருவரைத் தடுத்துவைத்துச் சித்திரவதை செய்து அவருடைய உரிமைகளை மீறியவர்கள் என்று சில பொலிஸ் அதிகாரிகளைக் கண்டது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவையும் பணித்தது. அவர்களில் ஒருவர் அப்போது பதில் பொலிஸ்மா அதிபர், தேசபந்து தென்னக்கோன். தீர்ப்பு வந்து மூன்று மாதம் முடியுமுன் அவர் முழுப் பொலிஸ்மா அதிபரானார். உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையில் நான்கு பேர் ஆதரவாகவும் இருவர் எதிராகவும் இருக்க, இருவர் வாக்களிக்காமல் விட, சபாநாயகர் தன் வாக்கையும் சேர்த்துக் கணக்கை நிரப்பிய நியமனம் அது. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் அவரைத் தடுத்தது. 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால், எதிர்த்து ஒருவரும் வாக்களிக்காமல், அவரைப் பதவி நீக்கியது. 1983 க்கும் 2024 க்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. முதலாவதைத் தடுக்க எந்த நிறுவனமும் இருக்கவில்லை. இரண்டாவதில் நிறுவனம் ஒன்று இருந்தது, வளைந்தது. ஆனால் எப்படி வளைந்தது என்பது பதிவாகி இருந்தது. யார் எப்படி வாக்களித்தார்கள் என்று தெரிந்ததால்தான் அதை நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்ல முடிந்தது. பூட்டிய அறைக்குள் ஒரு கையொப்பத்தோடு முடிந்திருந்தால் வழக்குப் போட ஒரு நுனிகூடக் கிடைத்திராது.

தகுதி என்ற அளவுகோலே ஆபத்தானது, மேலிடம் விரும்புகிறவரைத் ‘தகுதியானவர்’ என்று சொல்லிவிடும், ஆகவே சேவை மூப்பு ஒன்றையே பார்ப்பதுதான் நியாயம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பொலிஸுக்குள் பலர் மனமார நம்புகிற வாதம் இது. அவமானப்பட்ட அனுபவத்திலிருந்து பிறந்தது. திகதியை யாரும் திருத்த முடியாது என்பதுதான் அதன் பலம். ஆனால் மூப்பு என்பது மூத்தவர் எந்தக் கதவால் உள்ளே வந்தார் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. கான்ஸ்டபிளாக ஒரு கதவு, உப பரிசோதகராக ஒரு கதவு, உதவி அத்தியட்சகராக ஒரு கதவு என்று சேவைக்குள் நுழையும் வழிகள் பிரிந்திருக்கின்றன. கீழ்க் கதவால் வந்தவர்களில் பெரும்பாலோர் முப்பது ஆண்டு வெயிலில் நின்றும் சார்ஜன்ட் பட்டியைத் தாண்டாமல் ஓய்வு பெறுகிறார்கள். 2025 இல் பொலிஸ்மா அதிபரான பிரியந்த வீரசூரிய, கான்ஸ்டபிளாகச் சேர்ந்து அந்த உச்சிக்கு வந்த முதலாமவர். 1866 ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொண்டாடும் ஒரு சேவையில் இது முதல் தடவை என்பதை எண்ணிப் பார்த்தால், மகிழ்ச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு வேதனையும் எழுகிறது. பெண்களின் கதை இன்னும் கூர்மையானது. 1952 இலிருந்து பெண்கள் பொலிஸில் இருக்கிறார்கள். முதலாவது பெண் பிரதிப் பொலிஸ்மா அதிபர் நியமிக்கப்பட்டது 2020 இல். அடுத்த ஆண்டே முப்பதுக்கும் மேற்பட்ட ஆண் அதிகாரிகள் அந்த நியமனத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். அந்தப் பதவிக்குரிய விதிகளில் பெண்களுக்கு இடம் சொல்லப்படவில்லை என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். அவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தங்கள் முறை தட்டிப்போயிற்று என்று நம்பியிருக்கலாம். ஆனால் கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகளாக ஒரு கதவைத் திறக்காமல் வைத்துவிட்டு, கதவு இருந்ததாக விதியில் எழுதியில்லையே என்பது எந்த வகையில் நியாயம்? விதியைப் பின்பற்றுவது நியாயத்தின் முதற்படி. விதி யாரை விட்டுவிட்டது என்று பார்ப்பதையும் அதனிடமிருந்து பிரிக்க முடியாது.

இதைவிடப் பாரமான எதிர்வாதம் ஒன்றுண்டு. மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்த அரசாங்கம் குற்றத்தைக் கட்டுப்படுத்தத் தவறினால் மக்கள் அதைத் தண்டிப்பார்கள். ஆணைக்குழு உறுப்பினர்களை எவர் தண்டிப்பார்? பொறுப்புச் சொல்லவேண்டியவரிடம் அதிகாரமும் இருக்கவேண்டாமா? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2001 இல் 17 ஆவது திருத்தம் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறி, பொலிஸ்மா அதிபர் தவிர்ந்த அனைவரின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றையும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. 2010 இன் 18 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை நீக்கி, நியமனங்களை ஜனாதிபதியின் கையில் கொடுத்தது. 2015 இன் 19 ஆவது திருத்தம் பேரவையை மீட்டது. 2020 இன் 20 ஆவது திருத்தம் மறுபடியும் நீக்கியது. 2022 இன் 21 ஆவது திருத்தம் மறுபடியும் கொண்டுவந்தது. ஒரு தலைமுறைக்குள் இத்தனை தடவை பிடுங்கி நட்ட மரம் வேர் பிடிக்கவில்லையென்று மரத்தைக் குறை சொல்லலாகாது. என்றாலும் ஆணைக்குழு இருந்தாலே போதும் என்ற நம்பிக்கையும் பொய்த்திருக்கிறது. 2019 நவம்பரில், 19 ஆவது திருத்தத்தின் கீழ் அமைந்த சுயாதீன ஆணைக்குழு பதவியில் இருந்தபோதுதான் காலிக்கான அந்த இடமாற்றம் நடந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ‘அரசியல் பழிவாங்கலை’ ஆராயவென்று ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று வந்தது. விசாரிக்கப்பட்டவர்கள் முறைப்பாட்டாளர்களாகவும் விசாரித்தவர்கள் குற்றவாளிகளாகவும் இடம் மாறினார்கள். 2020 ஜூலையில் அந்தப் பணிப்பாளர் கைதானார். 2021 ஜூனில்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுத்தது. 2024 இல் ஆட்சி மாறிய பிறகு, ஓய்வு பெற்றிருந்த அவர் திரும்ப அழைக்கப்பட்டு, 2025 இல் அதே திணைக்களத்தின் பணிப்பாளராக்கப்பட்டார். அவருக்கு நடந்தது அநீதி. அது திருத்தப்பட்டது நல்லது. ஆயினும் ஒரு தேர்தல் முடிவு பறித்ததை இன்னொரு தேர்தல் முடிவு திருப்பிக் கொடுத்திருக்கிறது என்ற உண்மை கசக்கவே செய்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் பரிசோதகர் ஒருவர், அடுத்த தேர்தலில் எந்தப் பக்கம் வெல்லும் என்று கணக்குப் போட்டுத்தான் கோப்பைத் திறப்பார் என்றால், மீட்சி பெற்ற நல்ல அதிகாரியாலும் அந்தக் கணக்கை அழிக்க முடியாது.

ஆகவே யார் கையெழுத்திடுவது என்பதைவிட, கையெழுத்திடுகிறவர் எதை எழுதக் கடமைப்பட்டவர் என்பதே தீர்மானகரமான கேள்வியென்று தோன்றுகிறது. பொலிஸ்மா அதிபரே மாற்றட்டும். தன் அதிகாரத்தை அவரிடம் கையளிக்க அரசியலமைப்பு ஆணைக்குழுவுக்கு இடம் கொடுக்கிறது. அரசாங்கம் கொள்கை சொல்லட்டும். ஆனால் ஒருவரை உரிய காலத்துக்குமுன் அகற்றுகிறவர், ஏன் இவரை, ஏன் இப்போது, ஏன் அந்த இடத்துக்கு என்ற மூன்றுக்கும் உத்தரவிலேயே பதில் எழுதவேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டெம்பர் 22 ஆம் திகதி கொடுத்த தீர்ப்பு, களப் பொறுப்பில் உள்ளவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டுமென்றது. கீழ்நிலை அதிகாரிகளின் இடமாற்றத்தைப் பொலிஸ் அதிகாரிகளே அடங்கிய ஒரு சபையிடம் கொடுத்து, அதில் மாநில அரசு தலையிடுவதானால் காரணத்தைப் பதிவு செய்துவிட்டே தலையிடலாம் என்றது. பல மாநிலங்கள் அதை நீர்த்துப்போகச் செய்தன என்பது உண்மை. ஆனால் தலையீட்டை முற்றாகத் தடைசெய்யாமல், அதற்கு ஒரு விலை வைத்தது அந்தத் தீர்ப்பு. நம் சட்டத்துக்கும் இது அந்நியமில்லை. ஓர் அதிகாரசபை தன் தீர்மானத்துக்குக் காரணம் காட்ட மறுத்தால், காரணமே இருக்கவில்லை என்ற ஊகத்துக்கு அது இடமளிக்கும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். மூன்று சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு மாதத்தில் ஒரு பரிசோதகர் எதை நிரூபிப்பார்?

கட்டளைக்குக் கீழ்ப்படியும் படையில் ஒவ்வொரு உத்தரவுக்கும் விளக்கம் எழுதினால் கட்டுக்கோப்பு குலையும் என்பார்கள். கலவரம் நடக்கும் தெருவில் எவரும் காரணம் கேட்கப்போவதில்லை. இடமாற்றம் தெருவில் நடப்பதில்லை, மேசையில் நடக்கிறது. நெடுநாள் ஒரே இடத்தில் இருந்தால் உள்ளூர் முதலாளிகளோடு உறவு வளர்ந்து ஊழல் பெருகும், சுழற்சி வேண்டும் என்பது உண்மையான அக்கறை. அதற்குத்தான் காலக்கெடு இருக்கிறது: காலம் முடிந்து போகிறவருக்கு விளக்கம் வேண்டியதில்லை, காலத்துக்குமுன் போகிறவருக்கே வேண்டும். சில காரணங்களை வெளியில் சொல்ல முடியாது என்ற வாதம்தான் கடினமானது. போதைப்பொருள் வலையமைப்போடு தொடர்புண்டு என்று சந்தேகிக்கப்படுகிறவரை விசாரணை முடியுமுன் அம்பலப்படுத்த முடியாது. சாட்சிக்கு ஆபத்து வரலாம். அத்தகைய காரணத்தை முத்திரையிட்டு ஆணைக்குழுவிடம் கொடுக்கலாம். ஆனால் இந்த எடுத்துக்காட்டே இடமாற்றத்தின் பெரிய பொய்யையும் காட்டிவிடுகிறது. சந்தேகம் உண்மையென்றால் அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்தவேண்டும். மன்னாருக்கு அனுப்புவது விசாரணையாகாது. மன்னார்க் கடற்கரையில் வாழ்கிறவர்களின் தலையில் அவரைக் கட்டிவிடுவதாகும். எழுதச் சொன்னால் பொய்க் காரணம் எழுதுவார்கள் என்பது கடைசி ஆட்சேபம். எழுதட்டும். ‘ஆளணிப் பற்றாக்குறை’ என்று எழுதினால், அந்த நிலையத்தின் ஆளணிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘நிர்வாக அனுபவம் தேவை’ என்று எழுதினால், இருபது ஆண்டு கொலை விசாரித்தவருக்குக் கோப்பு அடுக்கும் வேலை ஏன் என்று கேட்கலாம். எழுதிய பொய்க்கு ஒரு முகவரி இருக்கும். சேவைத் தேவைக்கு அது இல்லை.

அந்த எழுத்தின் ஒரு பகுதியாவது வாங்கில் இருக்கும் தாயின் கைக்கும் போகவேண்டும். விசாரணை அதிகாரி மாறும்போது, அவர் கையிலிருந்த ஒவ்வொரு பாரிய முறைப்பாட்டுக்கும் ஒரு கடிதம்: உங்கள் விசாரணையை இதுவரை நடத்தியவர் இன்ன திகதியில் மாறிச் செல்கிறார், இன்னாரிடம் கோப்பு கையளிக்கப்பட்டது, அவருடைய தொலைபேசி இலக்கம் இது, அடுத்த தவணை இந்த நீதவான் நீதிமன்றத்தில் இந்த நாளில். புதிதாகச் சட்டம் இயற்றவேண்டிய வேலைகூட இல்லை. பொலிஸ்மா அதிபரின் ஒரு சுற்றறிக்கை போதும், ஒரு முத்திரைச் செலவு போதும். மாற்ற உத்தரவில் ஒப்பமிடுகிறவர் அதற்கு முன் இத்தனை கடிதங்கள் போகவேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டி வரும். எத்தனை பேரின் காத்திருப்பை அந்த ஒப்பம் தொடுகிறது என்பதை அப்போதாவது அவர் கண்ணால் காண்பார். கிளிநொச்சிக்குப் போகிற கடிதம் தமிழில் இருக்கவேண்டும்.